மூட்டு ஊசிக்கு 150, 1,200, 9,500: மூன்றும் ஒரே ஊசிதானா?

அம்மாவுக்கு 62 வயது, நீண்ட நாள் சர்க்கரை, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை, இரண்டு முட்டியிலும் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் ஒருவர் 150 ரூபாய்க்கு ஊசி போடுகிறார். கடலூரில் ஓர் எலும்பு மருத்துவர் ஒரு முட்டிக்கு 1,200 ரூபாய் ஆகும் என்றார். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 9,500 என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் கேட்டால், ஸ்டீராய்டு ஊசி மருந்தே இருநூறு ரூபாயைத் தொடாது என்கிறார்கள். இதில் யார் ஏமாற்றுகிறார்கள், அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்குள் அம்மாவை நடக்க வைக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. ஒரே பொருளுக்கு மூன்று விலை சொல்கிறார்கள் என்று நினைத்துக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் விலைக் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

நான் எலும்பு மருத்துவன். புதுச்சேரியில் படித்துவிட்டு, கடலூர்ப் பக்கம் நெடுங்காலமாகத் தொழில் செய்கிறேன். மூட்டுக்குள் ஊசி போடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அதற்குக் கட்டணமும் வாங்குகிறேன். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுவன் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் அம்மாவை நான் பரிசோதித்ததும் இல்லை. கீழே சொல்வது முழங்கால் தேய்மானம் உள்ள ஒருவருக்குப் பொதுவாகப் பொருந்துவது.

முதலில் அந்த 150 ரூபாய். அது மூட்டு ஊசியே அல்ல. ஊரில் போடுபவர் எங்கே குத்தினார் என்று அம்மாவிடம் கேளுங்கள். இடுப்பில் என்று சொன்னால், பெரும்பாலும் அது டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான். கூடவே டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் இருக்கலாம். இடுப்புத் தசையில் போட்ட ஸ்டீராய்டு முட்டிக்கு மட்டும் போகாது, உடம்பு முழுக்கப் போகும். போட்ட அன்று மாலையே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், ஒரு தெம்பு வரும். அதனால்தான் அந்த டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர் வாங்குகிறார். இரண்டு மூன்று நாளில் வலி திரும்பும், மறுபடியும் போவார்கள். வாரம் ஒன்று, பத்து நாளைக்கு ஒன்று என்று மாதக்கணக்கில் போட்டுக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முகம் உப்பி, கை கால் மெலிந்து, தோல் காகிதம்போல ஆகி, லேசாக இடித்தாலே கன்றிப்போகும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். எலும்பு வலுவிழக்கும். இதைவிட மோசமான ஒன்று வெளியே தெரியாது. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி நிறுத்திக்கொள்ளும். பிறகு ஒரு காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் தாங்க முடியாமல் சரிந்து விழுவார்கள். மூட்டு வலிக்கென்று பெயரில்லாத பொட்டலங்களில் விற்கப்படும் சில பொடிகளிலும் இதே ஸ்டீராய்டைக் கலக்கிறார்கள். அம்மா இந்த 150 ரூபாய் ஊசியை ஏற்கெனவே பல முறை போட்டிருந்தால், அடுத்து பார்க்கப்போகும் மருத்துவரிடம் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மூன்று விலைகளில் மிக அதிகமானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது 1,200. நீங்கள் கேட்ட ஸ்டீராய்டு மூட்டு ஊசி இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே போகும் மருந்து ட்ரையாம்சினலோன் அல்லது மெத்தில்பிரட்னிசலோன். வழக்கமான அளவு 40 மில்லிகிராம், முழங்காலுக்குச் சிலர் 80 வரை போடுவார்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னது உண்மைதான், குப்பியின் விலை அந்த அளவில்தான் இருக்கும். காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துபோன பழைய மருந்து அது. இந்த வகையில் முதலாவதான கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தது 1948இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில். அதற்காக ஃபிலிப் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே ஹொலாண்டர் என்ற மருத்துவர் அதே வகையைச் சேர்ந்த ஹைட்ரோகார்ட்டிசோனை நேரடியாக மூட்டுக்குள் போட்ட அனுபவத்தை வெளியிட்டுவிட்டார். எழுபது ஆண்டைத் தாண்டிய வைத்தியம் மலிவாக இருப்பதில் அதிசயமில்லை.

இருநூறு ரூபாய் மருந்துக்கு ஆயிரத்துச் சொச்சம் எதற்கு? ஊசி போடும் பத்து நிமிடத்தை அப்படியே சொல்கிறேன். படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து லேசாக மடக்குவோம். சிப்பியை, அதாவது முட்டியின் மேலுள்ள வட்ட எலும்பை, கட்டைவிரலால் ஒரு பக்கம் தள்ளினால் அதன் ஓரத்தில் ஒரு பள்ளம் கைக்குத் தட்டுப்படும். அங்கே பேனா மூடியால் அழுத்தி அடையாளம் வைப்போம். பழுப்பு நிறக் கிருமிநாசினியைத் தடவிவிட்டு, அது தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்துவிட்டுக் குத்துபவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி உள்ளே போனதும் மருந்தைச் செலுத்துவதற்கு முன் பின்னால் இழுத்துப் பார்ப்போம். நீர் கோத்திருந்தால் வைக்கோல் நிறத்தில் தெளிவாக வரும். அதை முழுக்க எடுத்துவிட்டாலே பாதி வலி குறையும். கலங்கலாக வந்தால் ஸ்டீராய்டு போடவே கூடாது. நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, போட வந்த ஊசியை அப்படியே ஓரம் வைத்துவிட வேண்டும். தெளிவாக இருந்தால்தான், குப்பியைக் குலுக்கி, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மருந்தைக் கலக்கி, மரத்துப்போகும் மருந்தும் சேர்த்து உள்ளே செலுத்துவோம்.

உங்கள் பணம் அந்த இழுத்துப் பார்க்கும் நொடிக்கும், காயும்வரை காத்திருக்கும் நிமிடங்களுக்கும்தான் போகிறது. மூட்டுக்குள் கிருமி நுழைவது மிக அபூர்வம். பல ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்கு அப்படி நடக்கும். ஆனால் நடந்துவிட்டால் மயக்கம் கொடுத்து மூட்டைக் கழுவ வேண்டும், வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். அந்தச் செலவு லட்சத்தைத் தொடக்கூடும், முட்டி பழைய முட்டியாகத் திரும்பும் என்பதற்கும் உறுதியில்லை. அதனால் மருந்து, சிரிஞ்சு, கையுறை, கிருமிநாசினி, மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்த்து, ஒரு முட்டிக்கு எண்ணூறிலிருந்து இரண்டாயிரம் வரை வாங்குவதை நான் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் போனால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடுகிறோம் என்பார்கள். இடுப்பு மூட்டுக்கு அது தேவை. நீர் கோத்த முழங்காலுக்குக் கைப்பழக்கமே போதும் என்பது என் கருத்து. மிகவும் பருமனானவர்களுக்கும் ஏற்கெனவே ஒரு முறை ஊசி சரியாக விழாதவர்களுக்கும் ஸ்கேன் உதவும். முழங்கால் ஊசிக்கு ஒரு நாள் அட்மிட் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது 9,500. சீட்டைப் பார்க்காமல் நான் ஊகிக்கத்தான் முடியும். அதில் ஹயலுரோனிக், ஹைலன் என்ற மாதிரிச் சொற்களோ, பி.ஆர்.பி. என்ற மூன்றெழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகையை ஜெல் ஊசி, வழவழப்பு ஊசி என்று சொல்லியிருப்பார்கள். மூட்டுக்கு ஆயில் விடுகிறோம் என்றும் சொல்வதுண்டு. இரண்டாவது, உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் திரும்பப் போடுவது. இரண்டும் ஸ்டீராய்டு அல்ல. விலையும் பல ஆயிரங்களில்தான் இருக்கும். ஜெல்லில் ஒரே டோஸாகப் போடும் வகைகள் இருபதாயிரம் வரைகூடப் போகும். ஸ்டீராய்டு இல்லாத ஊசி, பக்க விளைவு இல்லாதது என்று சொல்லி விற்பதால், ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே பயப்படுபவர்கள் எளிதில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

அந்த விலைக்குத் தகுந்த பலன் உண்டா என்பது என் துறையில் பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கு. ஜெல் ஊசியை முழங்கால் தேய்மானத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் சங்கம் 2013இல் சொன்னது. 2021இல் சற்று இறங்கிவந்து, வழக்கமாகப் பயன்படுத்துவதைப் பரிந்துரைக்கவில்லை என்றது. பி.ஆர்.பி.யை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் வெறும் உப்பு நீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியானது: ஓராண்டு கழித்து வலியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மறுபக்கம், ஆரம்ப நிலைத் தேய்மானத்தில் இவை ஆறு மாதத்துக்கு மேல் சுகம் தருவதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அதை நம்பிப் போடும் நேர்மையான மருத்துவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஏமாற்று என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த ஊசிகளின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விலைக்கும், மருத்துவமனை அதைக் கொள்முதல் செய்யும் விலைக்கும் இடையே பல நேரங்களில் பெரிய இடைவெளி இருக்கிறது. முந்திரிக்கொட்டை உடைத்துச் சம்பாதிக்கும் ஒருவர் கடன் வாங்கிப் போட வேண்டிய ஊசி இது என்று என்னால் சொல்ல முடியாது. சீட்டில் இருப்பது ஸ்டீராய்டுதான், அதற்கே 9,500 என்றால், மருந்துக்கு எவ்வளவு, ஆபரேஷன் தியேட்டருக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில் கேளுங்கள். கேட்டதுமே தொகை குறைவதை நான் கண்டிருக்கிறேன்.

சரி, 1,200 ரூபாய் ஸ்டீராய்டு என்னதான் தரும்? உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: முட்டிக்குள் இருக்கும் அழற்சியைத் தணிக்கும், வீக்கம் வடியும், சில வாரங்களுக்கு வலி குறையும். நாலு முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு மூன்று மாதம் வரும், சிலருக்கு ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிடும். யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்லும் திறமை எங்களுக்கு இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் இருப்பதில்லை. எலும்பு முனைகளை மெத்தைபோல மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் ஊசியால் வளராது. திரும்பத் திரும்பப் போட்டால் கெடுதலும் உண்டு. 140 பேருக்கு இரண்டு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு பாதிப் பேருக்கு ட்ரையாம்சினலோனும் மறுபாதிக்கு உப்பு நீரும் போட்டுப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியில் லாபமும் இல்லை. அந்தக் கூடுதல் தேய்மானம் மிக மெல்லியதுதான், நடைமுறையில் அதனால் என்ன பாதிப்பு என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இருந்தாலும் காலண்டரைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வரச் சொல்லும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். வீங்கித் துடிக்கும் முட்டிக்கு மட்டும் போடுகிறேன். ஆண்டுக்கு மூன்றைத் தாண்ட விடுவதில்லை.

கணக்கை அப்படிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். 1,200 ரூபாய்க்கு நீங்கள் வாங்குவது ஏறத்தாழ ஒரு மாத அவகாசம். அந்த மாதத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது செலவா சேமிப்பா என்பது முடிவாகும். வலி குறைந்திருக்கும்போது தொடைத் தசையைப் பலப்படுத்தினால் பலன் நிற்கும். 2020இல் வந்த ஓர் ஆய்வில், 156 பேரில் ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மற்றொரு பிரிவுக்கு இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் முன்னே இருந்தவர்கள் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களே. அம்மா வீட்டிலேயே செய்யலாம்: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது, படுத்துக்கொண்டு முட்டிக்கு அடியில் வைத்த துண்டை அழுத்துவது. இரண்டும் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். அதற்குக் காசு இல்லை.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் தரையில் காலை மடக்கி மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். எழும்போது கையை ஊன்றி, ஒரு முட்டியில் முழு எடையையும் போட்டுத்தான் எழ முடிகிறது. அந்த முட்டிதான் எப்போதும் முதலில் தேய்கிறது. கொட்டை உடைக்கும் கட்டையை ஒரு மேசை மேல் ஏற்றி, அம்மாவை ஒரு ஸ்டூலில் உட்கார வைக்க முதலாளி ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். கூலி உடைத்த எடைக்கு என்றால் அவருக்கு இதில் நஷ்டம் இல்லை. எந்த ஊசியாலும் செய்ய முடியாததை அந்த ஸ்டூல் செய்யும்.

காசே இல்லாத வழியும் உண்டு. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரிலும் எலும்புப் பிரிவு இருக்கிறது. ஜிப்மருக்கு நம் மாவட்டத்திலிருந்து தினமும் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். அங்கே இந்த ஊசிக்குக் கட்டணம் பெயருக்குத்தான். செலவு வேறு வடிவில் வரும்: விடியற்காலை பஸ், சீட்டு வரிசை, கூட வரும் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் கூலி. முதல் நாளே ஊசி போடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடித்து இன்னொரு நாள் வரச் சொல்லலாம். நடக்க முடியாதவரை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிப்போவது எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். ஒரு முட்டிக்கு ஊசி மட்டும்தான் தேவை என்றால் மஞ்சக்குப்பமே போதும். மாற்று மூட்டு அறுவை சிகிச்சை வரை யோசிக்க வேண்டிய நிலை என்றால் ஜிப்மர் பயணத்தில் அர்த்தம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பற்றிக் கேட்பீர்கள்: அது மூட்டு மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு உதவும், புறநோயாளியாகப் போடும் ஊசிக்குப் பொதுவாகச் செல்லாது. மூட்டு மாற்று செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஸ்டீராய்டு ஊசி கூடாது. புது மூட்டில் கிருமி தாக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஊசிக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வியை அம்மாவிடமே கேளுங்கள். காலையில் எழுந்ததும் கை விரல்களும் முட்டியும் இறுகிப்போய், தளர ஒரு மணி நேரம் ஆகிறதா? ஆம் என்றால் அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக, அதாவது ருமட்டாய்டு மூட்டு அழற்சியாக, இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் வேறு மாத்திரைகளும் தேவை. முட்டி முட்டியாக ஊசி போட்டுக்கொண்டிருப்பது காலத்தைக் கடத்துவதாகும். எக்ஸ்ரே எடுத்தால் நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுத்த படத்தில் எலும்புகளுக்கு இடையே இடைவெளி இருப்பதுபோலத் தெரியும், தேய்மானம் மறைந்துவிடும்.

கடைசியாகக் கல்யாணம். இந்த ஊசி நன்றாகப் பொருந்தும் சூழ்நிலைகளில் இதுவும் ஒன்று. ஒரு குறிப்பிட்ட நாளில் நிற்க வேண்டும், நடக்க வேண்டும் என்பதற்காகப் போடுவதில் தவறில்லை. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாகப் போட்டால் சரியாக இருக்கும். முதல் இரண்டு நாள் சிலருக்கு வலி கூடவே செய்யும். ஐஸ் ஒத்தடம் போதும். முழுப் பலன் தெரிய ஒரு வாரம் ஆகலாம். சர்க்கரை உள்ளவர் என்பதால் போட்ட அன்றே அளவு ஏறத் தொடங்கும், மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், இறங்க ஒரு வாரம் பிடிக்கும். அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் பாருங்கள். எவ்வளவு ஏறினால் மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டுவது என்று சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இப்போதே சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் மனசாட்சியுள்ள எந்த மருத்துவரும் ஊசியைத் தள்ளித்தான் போடுவார். அவரோடு சண்டை போடாதீர்கள். இரண்டு முட்டிக்கும் ஒரே நாளில் போட்டால் மருந்தும் இரண்டு மடங்கு, சர்க்கரை ஏற்றமும் அதற்கேற்ப. நான் என்றால் அதிகம் வீங்கியிருக்கும் முட்டிக்கு மட்டும் போடுவேன். போட்ட பிறகு காய்ச்சல் வந்தாலோ, முட்டி சிவந்து கொதித்தாலோ, காலை மடக்கவே முடியாமல் போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.